உவர்க் கழிவுநீர்: ஏரிக்கா, உறிஞ்சுகுழிக்கா, ஆவியாக்கும் குளத்துக்கா?

ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரியை ஒட்டி, ஆந்திர எல்லையருகே உள்ள எங்கள் ஊரில், உவர்ந்த கிணற்று நீரை நுண்சவ்வின் வழியே அழுத்தி, உப்பைப் பிரித்துக் குடிநீராக்கும் ஆர்.ஓ. நிலையத்தை ஊர்க்குழுவே நடத்துகிறது. மணிக்கு 1,000 லிட்டர் நல்ல நீர் எடுத்தால், அதே அளவு கழிவுநீரும் வெளியேறுகிறது. அதற்கு நாங்கள் தேர்ந்தது ஆவியாக்கும் குளம்.

கடல்நீரைக் குடிநீராக்கும் காட்டுப்பள்ளி, நெம்மேலி நிலையங்களைப் போலக் கடலில் விட வழியில்லை. இடையில் ஏரி கிடக்கிறது. ஓடை வழியே ஏரியில் விடுவதுதான் மிகவும் மலிவு. எங்கள் கழிவுநீரின் உப்பு கடல்நீரினுடையதைவிட மிகக் குறைவு என்பதும் உண்மை. ஆனால் அதில் சவ்வில் உப்புப் படியாமல் தடுக்கும் மருந்தும், சவ்வைக் கழுவிய அமிலமும் கலந்திருக்கும். முகத்துவாரம் மணலால் தூர்ந்துவிடும் காலத்தில் அவை கடலுக்குப் போகாமல் ஏரியிலேயே தங்கும். இறாலை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் இருக்கும் இடத்தில் அதை ஏற்க எங்களுக்கு மனம் வரவில்லை.

நீரை மண்ணுக்குள் இறங்கவிடும் உறிஞ்சுகுழியைத்தான் பலரும் பரிந்துரைத்தார்கள். அங்கேதான் உப்புக் கணக்கைப் பார்க்க வேண்டும். கிணற்று நீரில் லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் உப்பு இருந்தால், கழிவுநீரில் அது ஏறத்தாழ 4,000 ஆகிறது. நாளுக்குப் பத்து மணி நேரம் ஓட்டினால் 10,000 லிட்டர் கழிவுநீர், அதில் 40 கிலோ உப்பு. ஆண்டுக்கு 14 டன்னுக்கும் மேல். குழியில் விட்டாலும், மரத்துக்குப் பாய்ச்சினாலும், கழிப்பறையில் ஊற்றினாலும் அந்த உப்பு மண்ணுக்குள் இறங்கி, நாம் இறைக்கும் கிணற்றுக்கே திரும்பி வரும். ஆண்டுக்காண்டு கிணற்று நீர் உவர்க்க, சவ்வும் மின்சாரமும் கூடுதலாகச் செலவாகும்.

குளத்தில் உப்பு கண்முன்னே கிடக்கிறது, அள்ளி எடுக்க முடிகிறது. நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகும் என்று கொண்டால், 10,000 லிட்டருக்கு 2,000 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ அரை ஏக்கர் வேண்டும். பராமரிப்புதான் இதன் முழுப் பாடும். 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் குளத்தில் 2 லட்சம் லிட்டர் சேரும். அது 20 நாள் கழிவுநீருக்குச் சமம். ஆகவே புரட்டாசி முடிவதற்குள் குளத்தை வற்றவைத்து, உப்பை வழித்து, கரையை உயர்த்தியாக வேண்டும். மண்வெட்டி பட்டால் அடியில் விரித்த பாலித்தீன் கிழிந்துவிடும் என்பதால், மரப்பலகையால் மட்டுமே வழிக்கிறோம். வழித்த உப்பில் ஜிப்சமும் கலந்திருக்கும். அது கருவாட்டுக்குக்கூட ஆகாது. மழையில் கரைந்து மண்ணுக்குள் போகாதபடி கூரையுள்ள கொட்டகையில்தான் அதைக் குவிக்க வேண்டும்.

பெருவெள்ள ஆண்டு ஒன்றை எங்கள் குளம் இன்னும் சந்திக்கவில்லை. கரை தாங்கும் என்று உறுதி கூற மாட்டேன். அரை ஏக்கர் கிடைக்காத ஊர்கள் முதலில் கழிவுநீரின் அளவைக் குறைக்கப் பார்க்கலாம்: பாதி நீரை மீட்கும் நிலையத்தை 65 விழுக்காடு மீட்குமாறு மாற்றினால், அதே அளவு நல்ல நீருக்குக் கழிவுநீர் நாளுக்கு ஏறத்தாழ 5,400 லிட்டராகக் குறையும், குளத்துக்கும் அதே விகிதத்தில் இடம் குறையும். சவ்வில் படிவு கூடும் என்பதால், கிணற்று நீரின் சுண்ணாம்பு அளவைச் சோதித்த பிறகே இதில் இறங்க வேண்டும்.