திக்கால் விடியலுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்: எல் ரெமாத்தேயில் எங்களுக்கு நடந்தது

குவாத்தமாலாவில் திக்கால் என்ற பழைய மாயர் நகரத்தைப் பார்க்கப் போகிறவர்கள் பலர் எல் ரெமாத்தேயில் தங்குவார்கள். பெத்தேன் இட்சா ஏரியின் கிழக்குக் கரையில் உள்ள சின்ன ஊர். மாயர் கோயில்களுக்கு அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். பயணிகள் தங்கும் இன்னொரு ஊரான புளோரெஸிலிருந்து போனால் ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம். ஊரின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஏமாற்றியது ஒரே ஒரு ஆள்.

பெலீஸ் எல்லையிலிருந்து வந்த வேன் எங்களைக் கூட்டுரோட்டில் இறக்கிவிட்டது. பையைத் தோளில் மாட்டுவதற்குள் அவர் வந்துவிட்டார். கழுத்தில் அட்டை, நல்ல ஆங்கிலம். நான்காம் கோயிலின் உச்சியில் சூரிய உதயம், ஆளுக்கு 500 கெட்சால் (குவாத்தமாலா நாணயம்), எல்லாம் உட்பட என்றார். கணக்கையும் எழுதிக் காட்டினார்: பூங்கா நுழைவு 150, விடியலுக்கு முன் நுழையத் தனிச்சீட்டு 100, வேனுக்கும் வழிகாட்டிக்கும் 250. முதல் இரண்டும் அப்போதிருந்த உண்மையான கட்டணம். அதனால்தான் நம்பினேன். நானும் மனைவியுமாக 1000 கெட்சாலை எண்ணிக் கொடுத்தோம்.

மூன்றரைக்கு வர வேண்டிய வேன் ஐந்து பத்துக்கு வந்தது. சோதனைச்சாவடி கோயில்களுக்கு 17 கிலோமீட்டர் முன்னாலேயே இருக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்தபோது பொதுமக்களுக்கான ஆறு மணி வரிசை நின்றுகொண்டிருந்தது. ஓட்டுநர் இறங்கி, சீட்டை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள், எனக்கு வண்டி வாடகை மட்டும்தான் வந்தது என்றார். வழிகாட்டி என்று யாருமே இல்லை. மறுபடியும் ஆளுக்கு 150 கட்டினோம். காட்டுக்குள்ளிருந்து ஊளைக்குரங்குகளின் உறுமல் கேட்டது. அதைக் கோயில் உச்சியில் இருட்டில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பது மனைவியின் பல வருட ஆசை. சாவடி விளக்கின் கீழே நின்று கேட்டாள். நாங்கள் மேலே ஏறும்போது வெயில் நன்றாக வந்துவிட்டது.

திரும்பி வந்து, அந்த ஆள் கொடுத்திருந்த ரசீதை எடுத்துப் பார்த்தேன். முத்திரை இல்லை. குவாத்தமாலாவில் தொலைபேசி எண்ணுக்கு எட்டு இலக்கம். அதில் ஏழுதான் இருந்தது. விடுதி அம்மா அதைப் பார்த்ததுமே தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் கூட்டுரோட்டுக்கு இரண்டு முறை போய்ப் பார்த்தோம், ஆள் இல்லை.

இன்னொன்று, நான் அப்போதே கவனித்திருக்க வேண்டியது. நுழைவுச்சீட்டில் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் பதிவாகும். அந்த ஆள் எங்கள் பாஸ்போர்ட்டைக் கேட்கவே இல்லை. கேட்காதவர் சீட்டு வாங்கியிருக்க முடியாது.

போகிறவர்கள் சீட்டை நீங்களே வாங்குங்கள், கெட்சால் ரொக்கமும் பாஸ்போர்ட்டும் கையில் இருக்கட்டும். விடியல் சீட்டு வேண்டுமானால் முந்தின நாளே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். தனி வேனுக்கு அலைய வேண்டியதில்லை. புளோரெஸை ஒட்டிய சாந்தா எலேனாவிலிருந்து திக்கால் போகும் கொலெக்டிவோ (பலர் சேர்ந்து போகும் வாடகை வேன்) எல் ரெமாத்தே வழியாகத்தான் போகிறது. ஏறும் முன் கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். வழிகாட்டி வேண்டுமென்றால் தங்கும் விடுதியில் கேளுங்கள். அவரை நேரில் பார்த்துப் பேசிவிட்டு, சுற்றிப் பார்த்து முடிந்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.