மருதாணி, அவுரிப் பொடிகள்: கூந்தல் சாயமும் கணவரின் கவனமும்

நரைக்குச் சாயம் இட்டுக்கொள்ளும் பெண்களுக்கு, நாட்டு மருந்துக் கடைகளில் தனித்தனிப் பொட்டலங்களாகக் கிடைக்கும் மருதாணிப் பொடியையும் நீலிச்செடி எனப்படும் அவுரியின் இலைப் பொடியையும் மனமாரப் பரிந்துரைக்கிறேன். நிறம் நன்றாகப் பிடிக்கிறது, தலையில் அரிப்பு இல்லை, விலையும் கட்டுப்படியாகிறது. இவற்றோடு இன்னொரு பயனும் உண்டு. இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். மனைவியின் தோற்றத்தில் எந்த மாற்றம் வந்தாலும் கணவரின் கண்ணில் படுவதில்லை என்ற ஆதங்கம் நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. இந்தப் பொடிகளைப் பயன்படுத்தும் முறையே அந்த ஆதங்கத்துக்கு ஓரளவு மருந்தாக இருப்பதை என் வீட்டில் கண்டேன்.

நான் பல ஆண்டுகள் அழகு நிலையத்தில்தான் சாயம் போட்டு வந்தேன். அம்மோனியா இல்லாத சாயம் என்று சொல்லித்தான் போட்டார்கள். அம்மோனியா இல்லை என்பதற்காக ஒரு சாயம் ஒவ்வாமை தராது என்று எண்ணிவிடக் கூடாது. கறுப்பு நிறம் தரும் பாரா பினைலீன் டையமின் என்ற வேதிப்பொருள் அதிலும் இருக்கலாம், தோலைப் பதம் பார்ப்பது பெரும்பாலும் அதுதான். ஒருமுறை காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் தடித்துச் சிவந்து, இரவில் தூங்க முடியாத அளவுக்கு அரித்தது. அந்த வாரம் முழுவதும் என் கணவருக்கு எதிரில் அமர்ந்துதான் சாப்பிட்டேன். அவர் எதுவும் கேட்கவில்லை. ஊரிலிருந்து வந்த என் அக்காவோ வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "காதுக்குப் பின்னாடி என்னடி இது?" என்று கேட்டாள். வலியைவிட அந்த வேறுபாடுதான் என்னை அதிகமாக வருத்தியது.

அதன்பிறகுதான் மதுரை கீழமாசி வீதிப் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடையில் இரண்டு பொடிகளையும் வாங்கினேன். தோள் வரையிலான கூந்தலுக்கு வகைக்கு 100 கிராம் போதும். இடுப்பு வரை முடி உள்ளவர்களுக்கு இரண்டு மடங்கு வேண்டியிருக்கும். வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். "கறுப்பு மருதாணி" என்ற பெயரில், அரை மணி நேரத்தில் முடியைக் கறுப்பாக்கும் என்று விற்கப்படும் பொடிகளை மருதாணி என்று நம்பி வாங்காதீர்கள். மருதாணி தனியாக ஒருபோதும் கறுப்பு நிறம் தராது. அத்தகைய பொட்டலத்தின் பின்புறத்தைப் படித்துப் பார்த்தால், நாம் எந்த வேதிப்பொருளைத் தவிர்க்க நினைத்தோமோ அதுவே அச்சிடப்பட்டிருப்பதைப் பல நேரங்களில் காணலாம்.

நல்ல மருதாணிப் பொடி மாவு போல நைசாகவும், மங்கிய பச்சை நிறத்திலும், இலை வாசத்தோடும் இருக்கும். நான் வாங்கியது ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தைச் சேர்ந்த சோஜத் பகுதிப் பொடி. அப்பகுதி மருதாணிக்கு 2021ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சலித்த பொடியில் சிறிது எலுமிச்சைச் சாறும் தண்ணீரும் விட்டுத் தோசை மாவுப் பதத்தில் கரைத்து, சில மணி நேரம் மூடி வைத்தால் லாசோன் என்ற நிறமி வெளிப்பட்டு, மேற்பரப்பு பழுப்பாக மாறும். இந்த நிறமி முடியிலுள்ள கெரட்டின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. இரண்டு மூன்று மணி நேரம் வைத்திருந்து அலசியதும், கறுப்பு முடியில் பெரிய வேறுபாடு தெரியாது. நரைத்த முடி மட்டும் பளிச்சென்ற செம்மஞ்சள் நிறத்தில் நிற்கும். அதன்மேல் அவுரியைப் போட்டால்தான் அது கறுப்பாகும்.

முதல்முறை நான் மருதாணியை ஒருநாளும் அவுரியை மறுநாளுமாகப் போட்டேன். இடைப்பட்ட அந்த மாலையில், என் வகிட்டிலும் நெற்றி ஓரத்திலும் இருந்த நரை முழுவதும் செம்மஞ்சளாக இருந்தது. பால் ஊற்ற வந்தவர் ஒரு கணம் திகைத்துப் பார்த்தார். எதிர்வீட்டுச் சிறுமி, "பாட்டி, தலையில என்ன கலர்?" என்று கேட்டாள். என் கணவருக்குக் காப்பி கொடுத்தேன், மின்கட்டணம் பற்றிப் பேசினோம், தொலைக்காட்சியில் செய்தி பார்த்தோம்; கூந்தலைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. மறுநாள் அவுரியைக் குழைத்தபோதுதான் அவர் சமையலறை வாசலுக்கு வந்து, "என்ன, பச்சை இலை வாடை அடிக்குது? தோட்டத்துல களை எடுத்தியா?" என்று கேட்டார். மூக்குக்கு எட்டிய மாற்றம் கண்ணுக்கு எட்டவில்லை.

இதை அன்பின்மை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அது உண்மையல்ல என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக வளாகத்தில் டேனியல் சைமன்ஸ், டேனியல் லெவின் என்ற உளவியலாளர்கள் நடத்தி, 1998இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதை விளங்கிக்கொள்ள உதவுகிறது. கையில் வரைபடத்தோடு ஒருவர் வழிப்போக்கரிடம் வழி கேட்பார். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே இருவர் ஒரு கதவைத் தூக்கிக்கொண்டு இடையே புகுந்து செல்வார்கள். அந்த மறைப்பில் வழி கேட்டவர் விலகி, வேறொருவர் அவர் இடத்தில் நின்றுகொள்வார். உயரமும் உடையும் குரலும் வேறு. ஆனாலும் 15 பேரில் 7 பேர்தான் ஆள் மாறியதை உணர்ந்தார்கள். உணர்ந்தவர்கள் வழி கேட்டவரின் வயதை ஒத்த மாணவர்கள். அதே ஆய்வாளர்கள் கட்டடத் தொழிலாளர் உடையில் சென்று கேட்டபோது, மாணவர்களிலும் 12 பேரில் 4 பேர்தான் கண்டுபிடித்தார்கள். எதிரில் இருப்பவர் "ஒரு தொழிலாளி" என்று மனம் வகைப்படுத்திவிட்டால், அதற்குமேல் அந்த முகத்தை அது ஆராய்வதில்லை.

பல ஆண்டுகள் கூடவே வாழும் மனைவியை, தெருவில் சில நிமிடங்கள் பார்த்த அந்நியரோடு ஒப்பிட முடியாதுதான். ஆனால் வகைப்படுத்திவிட்டுப் பார்வையை நிறுத்திக்கொள்ளும் பழக்கம் இரண்டு இடத்திலும் ஒன்றே. "இவள் என் மனைவி, வீட்டில் இருக்கிறாள், எல்லாம் சரியாக இருக்கிறது" என்ற அளவில் கணவரின் பார்வை நின்றுவிடுகிறது. நம் குடும்பங்களில் இதற்குத் தெளிவான சான்றும் உண்டு. மனைவியின் நெற்றியில் பொட்டு இல்லையென்றால், கழுத்தில் சங்கிலியைக் காணவில்லையென்றால், பெரும்பாலான கணவர்கள் உடனே கேட்டுவிடுவார்கள். மனைவி என்ற அடையாளத்தில் குறை வந்தால் கண் விழித்துக்கொள்கிறது. அந்த மனைவியாக இருக்கும் பெண் மாறினால் விழிப்பதில்லை. பெண்களின் மனத்தாங்கல் இங்கேதான் இருக்கிறது, அது நியாயமானதும்கூட.

வளர்ப்பு முறைக்கும் இதில் பங்கு உண்டு. பெற்றோரும் உடன்பிறந்தோரும் கூடியிருந்த வீட்டில், ஓர் ஆண் தன் மனைவியைப் பலர் முன்னிலையில் உற்றுப் பார்ப்பதும், "இந்தப் புடவை உனக்கு எடுப்பாக இருக்கிறது" என்று சொல்வதும் அடக்கமற்ற செயலாகக் கருதப்பட்டன. பார்த்தாலும் பாராதது போல இருக்கப் பழகியவர்கள், தனிக்குடித்தனம் வந்த பிறகும் அப்படியே இருந்துவிட்டார்கள். இளைய தலைமுறை ஆண்களுக்கு அந்தத் தடை இல்லை. ஆயினும் அவர்களைப் பற்றியும் என் மருமகள் இதே குறையைத்தான் சொல்கிறாள். அவர்களின் பார்வை கைப்பேசித் திரையில் தங்கியிருக்கிறது.

இனி அவுரிக்கு வருகிறேன், ஏனெனில் நிலைமை மாறியது அங்கேதான். நீலிச்செடி என்றும் சொல்லப்படும் அவுரியின் இலையிலிருந்துதான் துணிக்கு இடும் நீலச்சாயம் காலங்காலமாக எடுக்கப்பட்டது. நம் திண்டிவனம் வட்டாரத்திலும் இது பயிராகிறது. இந்தப் பொடியை மருதாணி போல முன்கூட்டியே ஊற வைக்கக் கூடாது, எலுமிச்சையும் சேர்க்கக் கூடாது. வெதுவெதுப்பான நீரில் ஒரு சிட்டிகை உப்புடன் கரைத்து, பத்துப் பதினைந்து நிமிடங்களில் தலையில் போடத் தொடங்கிவிட வேண்டும். தாமதித்தால் வீரியம் குறைந்துவிடும். மருதாணி ஏறிய முடியில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வைத்து, ஷாம்பூ போடாமல் வெறும் தண்ணீரில் அலச வேண்டும். அலசியவுடன் முடி சற்றுப் பச்சை கலந்த நீலமாகத் தெரிவதைக் கண்டு அஞ்ச வேண்டாம். காற்றுப்பட்டு ஒன்றிரண்டு நாட்களில் நிறம் முதிர்ந்து, ஆழ்ந்த பழுப்பு கலந்த கறுப்பாகிவிடும்.

விரைவாகவும் சீராகவும் பூச வேண்டியிருப்பதால், பின்தலையில் தனி ஒருவரால் இதைச் செம்மையாகப் போட முடிவதில்லை. கண்ணாடி வைத்துக்கொண்டு முயன்றதில் பிடரியில் திட்டுத் திட்டாக விட்டுப்போயிற்று. எனவே அடுத்த முறை, "என்னங்க, பின்னாடி எனக்கு எட்டல, கொஞ்சம் தடவி விடுறீங்களா?" என்று கேட்டேன். அவர் தயங்கினார், மறுக்கவில்லை. கையுறை மாட்டிக்கொண்டு, சீப்பின் முனையால் கூந்தலைக் கோடு கோடாகப் பிரித்து, ஒவ்வொரு வகிடாக வேர்க்கால் தெரியப் பூசினார். அதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரம் அவர் என் தலையை வேறு எதற்காகவும் அருகிலிருந்து பார்த்ததாக எனக்கு நினைவில்லை. எங்கே நரை அதிகம், எங்கே முடி அடர்த்தி, சின்ன வயதில் விழுந்து தையல் போட்ட தழும்பு எந்த இடத்தில் இருக்கிறது என்பதெல்லாம் அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், மூன்று வாரம் ஆனதும் வேரில் வெள்ளை தலைகாட்டும். அதை இம்முறை முதலில் சொன்னவர் அவர்தான். "வகிட்டுல வலப்பக்கம் வெள்ளை தெரியுது, இந்த ஞாயித்துக்கிழமை போட்ருவமா?" என்று தாமாகவே கேட்டார். சில மாதங்கள் கழித்து, பூசிக்கொண்டிருக்கும்போதே கையை நிறுத்தி, "நெத்தி ஓரத்துல முடி முன்னைக்கு ரொம்பக் குறைஞ்சிருக்கே, டாக்டரைப் பாத்துருவோம்" என்றார். பரிசோதனையில் இரத்தச்சோகை தெரியவந்தது; இப்போது இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். மனைவியின் தோற்றத்தைக் கவனிப்பது வெறும் அலங்காரம் தொடர்பான செய்தி என்று எண்ணும் ஆண்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். வெளுத்த உதடு, வீங்கிய பாதம், மெலிந்த கூந்தல் ஆகியவை முதலில் தென்பட வேண்டியது வீட்டிலிருப்பவரின் கண்ணுக்குத்தான்.

"கவனியுங்கள்" என்று கேட்டுக்கொண்டபோது அவரால் முடியாதது, ஒரு வேலையில் பங்கு கிடைத்ததும் முடிந்தது. புதுப் புடவை கட்டி வந்து எதிரில் நின்று, "என்ன மாறியிருக்கு, சொல்லுங்க பாப்போம்" என்று கணவரைச் சோதிக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அது இருவருக்கும் கசப்பில்தான் முடிகிறது. மாற்றத்தை முடிந்த பிறகு காட்டுவதைவிட, நடக்கும்போதே அதில் அவரைச் சேர்த்துக்கொள்வது பயன் தருகிறது என்பது என் அனுபவம்.

பொடிகளின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு கட்டங்களையும் ஒரே நாளில் முடிப்பதானால் காலை முதல் மாலை வரை ஆகிவிடும். வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு விடுமுறை நாளே கதி. அவுரியின் வாடை மறுநாள் வரை இருக்கும். துண்டு, தலையணை உறை, குளியலறைத் தரை எதுவும் கறையிலிருந்து தப்பாது. பழைய துணிகளை ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். முடி சற்று வறண்டு போவதால் இரண்டு நாள் கழித்து நல்லெண்ணெய் வைப்பது நல்லது. சைனஸ் தொந்தரவு உள்ளவர்களுக்கு நெடுநேரம் ஈரத்தலை ஒத்துக்கொள்ளாது, மார்கழியில் நானே போடுவதில்லை. நிறம் அழகு நிலையச் சாயத்தின் மைக்கறுப்பாக இருக்காது. வெயிலில் செம்மை மின்னும். எனக்கு அது பிடித்திருக்கிறது, என் கணவருக்கும் பிடித்திருப்பதாகச் சொன்னார்.

இலைப்பொடி என்றாலும் சிலருக்கு ஒவ்வாமை வரக்கூடும் என்பதால், முழங்கை மடிப்பில் சிறிது தடவி ஒரு நாள் பார்த்துவிட்டே தலைக்குப் போடுங்கள். அவுரியை மொத்தமாக வாங்கிச் சேமிக்காதீர்கள், பழைய பொடியில் நிறம் ஏறாது; அரைத்த தேதியைக் கேட்டு, தேவைக்கு மட்டும் வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். உதவிக்கு வருபவருக்கு முதல்முறை அவசரம் காட்டாமல், பிடரியிலிருந்து தொடங்கி மேல்நோக்கி, விரல் அகலத்துக்குப் பிரித்துப் பூசும் முறையைச் சொல்லிக் கொடுத்தால் போதும். அடுத்த முறை அவரே செய்துவிடுவார்.