ஃபிரான்சைஸ் கடையை மூடச் சொன்னால் சட்டம் யார் பக்கம்? மூன்று அமெரிக்க மாநிலங்களும் இந்தியாவும்

ஃபிரான்சைஸ், அதாவது ஒரு கம்பெனியின் பெயரில் கடை நடத்தும் உரிமை, எடுக்கப் போகிறவர் கேட்கிற முதல் கேள்வி ராயல்டி (விற்பனையில் கம்பெனிக்குத் தரும் பங்கு) எத்தனை சதவீதம், போட்ட பணம் எப்போது திரும்பும் என்பதுதான். ஒருநாள் கம்பெனியே வந்து "போதும், போர்டைக் கழற்று" என்றால் என்ன செய்வது என்று யோசிப்பது நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு.

அமெரிக்காவில் பலத்த பாதுகாப்பு இருக்கிறது என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வார்கள். பாதி உண்மை. அங்கே மத்திய அரசின் விதி, கையெழுத்துக்கு 14 நாள் முன்பே விவர ஆவணத்தைக் கொடு என்பதோடு நின்றுவிடுகிறது. பெட்ரோல் பங்க், கார் டீலர்களுக்குத் தனிச் சட்டம் உண்டு, மற்றவர்களுக்கு மாநிலச் சட்டம்தான் கதி, அதுவும் எல்லா மாநிலத்திலும் கிடையாது.

இருப்பதில் கறாரானது நியூஜெர்சியின் 1971 சட்டம். 60 நாள் நோட்டீஸ் வேண்டும், நியாயமான காரணமும் வேண்டும், அந்தக் காரணம் கடைக்காரர் ஒப்பந்தத்தை ஒழுங்காகப் பின்பற்றாததாக மட்டுமே இருக்க முடியும். ரினியூவலுக்கும் இதே அளவுகோல், அதனால் காலம் முடிந்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட முடியாது. 1981-இல் ஒரு பெட்ரோல் பங்க் வழக்கில் அந்த மாநில உச்ச நீதிமன்றம், கம்பெனி தன் வியாபாரக் காரணத்துக்காக நல்லெண்ணத்தோடு விலகினாலும் தவறு செய்யாத கடைக்காரருக்கு அவர் தொழிலின் நியாயமான மதிப்பைக் கொடுக்க வேண்டும் என்றது. ஆனால் கடை நியூஜெர்சியில் இருக்க வேண்டும், முந்தைய 12 மாத விற்பனை 35,000 டாலரைத் தாண்டியிருக்க வேண்டும், மொத்த விற்பனையில் 20 சதவீதத்துக்கு மேல் அந்த ஃபிரான்சைஸிலிருந்து வந்திருக்க வேண்டும்.

விஸ்கான்சினின் 1974 சட்டம் பார்வைக்கு இன்னும் தாராளம்: 90 நாள் நோட்டீஸ், குறையைச் சரிசெய்ய 60 நாள், பண பாக்கி என்றால் 10 நாள். ரினியூவலும் உள்ளே வருகிறது. ஆனால் 1988-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் கம்பெனியின் பொருளாதார நிலைமையும் நியாயமான காரணமாகலாம் என்று சொல்லிவிட்டது. நியூஜெர்சி அடைத்த கதவை இங்கே லேசாகத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

கலிபோர்னியா வேறு ரகம். நடுவில் முறிக்க நியாயமான காரணமும், குறையைச் சரிசெய்யப் பொதுவாக 60 முதல் 75 நாள் அவகாசமும் வேண்டும் (ராயல்டி பாக்கிக்கு வெறும் 5 நாள், உஷார்). ரினியூவல் மறுக்க 180 நாள் நோட்டீஸ், கூடவே கடையை இன்னொருவருக்கு விற்க அனுமதிப்பது போன்ற நிபந்தனைகளில் ஒன்று போதும், அந்த வகையில் மற்ற இரண்டையும் விட பலவீனம்தான். எனக்குப் பிடித்தது 2016 முதல் சேர்ந்த அம்சம்: சட்டப்படி சரியாக முறித்தாலும்கூட, கம்பெனி சொன்ன இடத்தில் வாங்கிய ஃபிரீசர், அடுப்பு, மேஜை, சரக்கு எல்லாவற்றையும் வாங்கிய விலையில் தேய்மானம் கழித்துக் கம்பெனியே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். கடை இருந்த இடத்திலேயே நீங்கள் தொடர்ந்து தொழில் செய்யக் கம்பெனி விட்டுவிட்டால் மட்டும் இது பெரும்பாலும் பொருந்தாது.

சரி, இந்தியா? ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டமே இல்லை. 1872 ஒப்பந்தச் சட்டம், 1963-இன் குறித்த நிவாரணச் சட்டம் (Specific Relief Act), இவற்றை வைத்துத்தான் வண்டி ஓடுகிறது. முறித்துக்கொள்ளக்கூடிய ஒப்பந்தத்தைத் தொடரச் சொல்லி நீதிமன்றம் கட்டாயப்படுத்தாது என்கிறது குறித்த நிவாரணச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு. 1991-இல் இந்தியன் ஆயிலுக்கும் அமிர்தசரஸ் கேஸ் விநியோகஸ்தர் ஒருவருக்கும் நடந்த வழக்கில், ஒப்பந்தத்தில் 30 நாள் நோட்டீஸில் முறிக்கலாம் என்று இருந்த ஒரே வரிக்காக, அந்த 30 நாள் வருமானம்தான் நஷ்டஈடு, ஏஜென்சி திரும்பக் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. பெரிய ஆளாக இருந்தால் தப்பலாமா என்றால், மெக்டொனால்ட்ஸ் 2017 ஆகஸ்டில் தன் இந்தியக் கூட்டாளி விக்ரம் பக்‌ஷியின் கூட்டு நிறுவனம் நடத்திய 169 உணவகங்களின் உரிமத்தை ரத்து செய்தது, 2019 மே மாதம் அவர் தன் பங்கைக் கம்பெனியிடமே கொடுத்துவிட்டு வெளியேறினார். அவருக்கு வழக்காட வசதி இருந்தது, டீக்கடை ஃபிரான்சைஸ் எடுத்தவருக்கு இருக்காது.

ஒரே ஒரு விஷயத்தில் நம் சட்டம் கை கொடுக்கிறது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் இரண்டு வருடம் இதே தொழிலைச் செய்யக் கூடாது என்ற நிபந்தனை ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு முன்னால் பொதுவாக நிற்காது. போர்டு, பெயர், ரகசிய ரெசிபியை விட்டுவிட்டு அதே தெருவில் சொந்தப் பெயரில் கடை போடலாம்.

காகிதத்தில் நியூஜெர்சிதான் முதலிடம். ஆனால் இங்கே அக்ரிமென்ட் பேசுகிறவருக்கு நான் காட்டுவது கலிபோர்னியாவை. காலாகாலத்துக்கும் ரினியூவல் தருகிறேன் என்று எந்தக் கம்பெனியும் கையெழுத்துப் போடாது, 60 நாள் அவகாசம், 180 நாள் நோட்டீஸ், தேய்மானம் போக ஃபிரீசரைத் திரும்ப எடுத்துக்கொள்வது என்றால் பேரம் பேச இடமிருக்கிறது. "காரணம் கூறாமல் 30 நாள் நோட்டீஸில்" என்ற வரி ஏறக்குறைய கடைசிப் பக்கங்களில்தான் ஒளிந்திருக்கும், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே வக்கீலிடம் அதைக் காட்டி, அடித்து நீக்கச் சொல்லுங்கள்.