ஈசிசிரிஸ்: 2 வருடமாகப் பார்த்துவந்ததில்

சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில் உட்கார்ந்து லோன் கிடைக்கவில்லை என்று சொல்லிப் பாருங்கள். "பேங்க் நெகாரா உன்னை பிளாக்லிஸ்ட் பண்ணிட்டான்" என்று நாலு பேர் தீர்ப்பே எழுதிவிடுவார்கள். நானும் அதை நம்பியவன்தான். பேங்க் நெகாரா மலேசியாவின் மத்திய வங்கி; அது வைத்திருக்கும் சிசிரிஸ் என்ற கடன் பதிவில் நம் அறிக்கையை நாமே பார்க்கும் இணையத்தளம்தான் ஈசிசிரிஸ்.

செம்பனைத் தோட்ட வேலையை விட்டுத் தொழிற்சாலைக்குப் போனதும் சம்பளம் வேறு கணக்குக்கு மாறியது. காடி (கார்) லோன் பிடிக்கும் பழைய கணக்கு காலியாகக் கிடந்ததை நான் கவனிக்கவில்லை. ஜனவரி, பிப்ரவரி இரண்டு தவணையும் நின்றன. மார்ச் 3ஆம் தேதி மொத்தமாகக் கட்டிவிட்டு, அன்று இரவே ஈசிசிரிஸைத் திறந்தேன். இலவசம்தான். டிசம்பர் வரை 0, ஜனவரிக்கு 1, அதாவது ஒரு மாத பாக்கி. சரி, அடுத்த முறை மறைந்துவிடும் என்று இருந்தேன்.

இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் 2! கட்டிய பிறகு எப்படிக் கூடும்? வங்கிக்கே போய்க் கேட்டேன். கவுண்டரில் இருந்த அக்கா சிரித்தார். "தம்பி, இது பிப்ரவரி கடைசி நிலவரம். நீங்க கட்டினது மார்ச்ல. அடுத்த மாசம் 15க்கு மேல பாருங்க."

அதுதான் கணக்கு. வங்கிகள் மாதத்துக்கு ஒருமுறைதான் தகவல் அனுப்புகின்றன; போன மாத நிலவரம் இந்த மாத நடுவில்தான் தெரியும். ஏப்ரலில் 0 வந்தது. ஆனால் அந்த 1-உம் 2-உம் போகவில்லை. அறிக்கை 12 மாதத்தைக் காட்டும்; மறு வருடம் மார்ச் வரை அவை ஒவ்வொரு மாதமும் ஒரு கட்டம் நகர்ந்துகொண்டே இருந்தன. வீட்டு லோன் மனுவை அதுவரை தள்ளிவைத்தேன். மனு போட்டால் அதுவும் அறிக்கையில் ஏறும்.

இன்னொன்று, சிசிரிஸில் மதிப்பெண் கிடையாது. யாருக்கு லோன் என்று முடிவு செய்வது லோன் தரும் வங்கிதான், பேங்க் நெகாரா அல்ல. 300 முதல் 850 வரை எண் தருவது சிடோஸ் போன்ற தனியார் நிறுவனம். அதில் 45 விழுக்காடு தவணை கட்டிய ஒழுங்குக்கே. பாக்கி கட்டிய மாதம் என் எண் 631. அப்புறம் ஒரேயடியாக ஏறவில்லை, ஒரு வருடம் இழுத்து 704 ஆனது. நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் எண் குறையாது. நான் மாதாமாதம் பார்த்தவன்.

அம்மாவுக்கும் பதிந்து கொடுத்தேன். முழுக்கக் காலி. நாற்பது வருடமாகத் தோட்ட லயத்தில் ஒரு மாதம்கூடத் தவறாமல் கூட்டு (சீட்டு) கட்டியவர். "ஒண்ணுமே எழுதலையா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.