கல்லூரியில் படித்த மேடைப்பேச்சுப் பாடம்: நான்கு வருடம் கழித்து என் அனுபவம்

மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குத் தினமும் பேருந்தில் போய் டிப்ளோமா படித்தவள் நான். இரண்டாம் செமஸ்டரில் மேடைப்பேச்சு கட்டாயப் பாடம். 14 வாரம், வாரத்துக்கு 3 மணி நேரம், முழுக்க ஆங்கிலத்தில். முடித்து 4 வருடம் ஆகிவிட்டது. எங்கள் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் இப்போது கல்லூரிக்குப் போகிறார்கள். "அக்கா, அந்தப் பாடம் பிரயோஜனமா? நினைச்சாலே பயமா இருக்கு" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தமிழ்ப்பள்ளியில் பேச்சுப் போட்டி என்றால் என் பெயர்தான் முதலில் போகும். "அவைத்தலைவர் அவர்களே, நீதி வழுவா நீதிபதிகளே, மணிக்காப்பாளர் அவர்களே" என்று ஆரம்பித்து, ஆசிரியை எழுதிக் கொடுத்ததை ஒரு சொல் பிசகாமல் ஒப்பிப்பேன். எந்த வரியில் கையை உயர்த்த வேண்டும் என்பதுகூடத் தாளில் சிவப்பு மையில் குறித்திருக்கும். குரல், உச்சரிப்பு, மேடை ஏறும் தைரியம் எல்லாம் அந்தப் போட்டிகள் கொடுத்தவை. அந்த ஆசிரியைக்கு நான் என்றைக்கும் கடன்பட்டவள். ஆனால் சொந்தமாக ஒரு வாக்கியம் யோசித்து நாலு பேர் முன்னால் சொன்னதே இல்லை. அது கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

முதல் பேச்சு சுய அறிமுகம், 2 நிமிடம். பழக்கப்படி முழுவதையும் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போனேன். நான்காவது வரியில் ஒரு சொல் நழுவியது. ஒப்பிப்பவர்களுக்கு இருக்கும் ஆபத்தே அதுதான், ஒரு கண்ணி அறுந்தால் மிச்சம் எதுவும் வராது. முன் வரிசையில் கைப்பேசியில் நேரம் பார்த்துக்கொண்டிருந்த தோழி என்னையே பார்க்கிறாள். எனக்கு முதல் வரிக்குத் திரும்புவதைத் தவிர வழி தெரியவில்லை. திரும்பினேன், அதே இடத்தில் மறுபடியும் நின்றேன். உட்கார்ந்து வெகுநேரம் ஆகியும் கால் நடுக்கம் அடங்கவில்லை.

அடுத்த வகுப்பில் விரிவுரையாளர் ஆளுக்கொரு சின்ன அட்டை கொடுத்தார், உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவு. இதில் வாக்கியம் எழுதக்கூடாது, சொற்கள் மட்டும்தான் என்றார். தொடக்க வாக்கியத்தையும் முடிவு வாக்கியத்தையும் மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நடுவில் மூன்று கருத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று சொல். இந்தப் பாடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய சொத்து இந்த அட்டைதான். ஒரு சொல் மறந்தால் வேறு சொல்லைப் போட்டுக்கொண்டு போகலாம், கருத்து கையை விட்டுப் போகாது. கை அசைவு, கண் பார்வை, நிற்கும் விதம் என்று வாரக்கணக்கில் நடத்தியதில் எனக்கு இன்று மிஞ்சியது கொஞ்சம்தான்.

மூன்றாவது மாதம் செய்துகாட்டும் பேச்சு வந்தது, 5 நிமிடம். வகுப்பில் ஒருவர் கேக் அலங்காரம், ஒருவர் டை கட்டுவது. நான் அம்மாவின் வேலையை எடுத்துக்கொண்டேன். விரிவுரையாளரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கி, பால்வெட்டும் கத்தியையும், சாய்ந்து விழுந்த ஒரு ரப்பர் மரத்திலிருந்து அறுத்த ஒரு முழத் துண்டையும் கோணிப்பையில் சுற்றிக்கொண்டு பேருந்து ஏறினேன்.

முதல் நாள் இரவு லயத்துக்கு, அதாவது எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால், அம்மாவுக்கு முன் ஒத்திகை பார்த்தேன். நான் கொஞ்சம் அழுத்திவிட்டேன். உடனே என் மணிக்கட்டைப் பிடித்தார். "பட்டையத்தான் சீவணும் பொண்ணு. கத்தி மரத்துல பட்டா புண்ணாயிரும். பொறவு அந்த எடத்துல முண்டு முண்டா வளரும், மறுபடி வெட்ட ஏலாது." எந்தப் புத்தகத்திலும் நான் தேடாத தகவல் அது. மறுநாள் பேச்சில் அதையே முக்கியக் கருத்தாக வைத்தேன்.

வகுப்பில் மரத்துண்டை மேசைமேல் நிறுத்தி, வெட்டும் கோடு ஏன் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரிந்து இறங்குகிறது என்று சொன்னேன். பட்டைக்குள் பால் குழாய்கள் சற்று வலப்பக்கமாகச் சாய்ந்து மேலேறுகின்றன. இப்படி வெட்டினால்தான் நிறையக் குழாய்கள் அறுபடும். விடியுமுன் வெட்டுவது ஏன் என்றும் சொன்னேன். வெயில் ஏற ஏற இலை வழியே மரம் தண்ணீரை இழக்கும், குழாய்களில் அழுத்தம் குறையும், பால் பிடிக்கும் கிண்ணமான மங்கில் விழும் பாலும் குறைந்துபோகும். கத்தியை இழுத்தபோது பட்டைச் சீவல் சுருண்டு தரையில் விழுந்தது. கிளந்தான் மாநிலத்திலிருந்து வந்த ஒரு மாணவி எழுந்து வந்து அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "உன் அம்மா எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்?" என்று கேட்டாள். நாலு மணிக்கு என்றேன். கொஞ்ச நேரம் வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. 7 நிமிடம் ஆகியிருந்தது. அட்டையை நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

அதற்கு நேர்மாறு என் வற்புறுத்தல் பேச்சு. பிளாஸ்டிக் பையை ஒழிப்போம் என்று இணையத்தில் திரட்டியதைப் பேசினேன். மதிப்பெண் குறையவில்லை, ஆனால் அன்று என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. வீட்டில் இருப்பதை விட்டுவிட்டு வெளியே தலைப்பு தேடாதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்வது அதனால்தான்.

பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் வாரம் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். மேடைப் பயத்தை அளக்க 1970இல் ஜேம்ஸ் மெக்ராஸ்கி என்ற அமெரிக்கப் பேராசிரியர் உருவாக்கியது. 34 கூற்றுகள் இருக்கும், மொத்தம் 131ஐத் தாண்டினால் பயம் அதிகம் என்று கணக்கு. எனக்கு 138. கடைசி வாரம் அதே தாளை நிரப்பியபோது 121. பயம் போகவில்லை, குறைந்தது. படபடப்பு முதல் நிமிடத்தில்தான் உச்சத்தில் இருக்கும், அதைத் தாண்டிவிட்டால் தானாக இறங்கும் என்று தெரிந்துகொண்டதே எனக்குப் பாதி மருந்து.

குறையும் உண்டு. 14 வாரமும் சேர்த்து 42 மணி நேரம் வகுப்பில் இருந்தேன். அதில் நான் எழுந்து நின்று பேசியது நான்கு முறை. 2, 5, 6, 7 என்று கூட்டினால் 20 நிமிடம். முப்பது பேருக்கு மேல் ஒரே வகுப்பில் போட்டால் இப்படித்தான் ஆகும். நீச்சல் கற்க வந்தவனைக் கரையில் உட்கார வைத்ததற்குச் சமம். பேசி இரண்டு வாரம் கழித்து ஒரு தாளில் வெறும் எண் வரும், எந்த இடத்தில் தடுமாறினேன் என்று ஒரு வரி இருக்காது. நான் சொல்லுக்குச் சொல் "வந்து, வந்து" என்று இழுப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னது என் தோழிதான். கட்டணம் கட்டிப் படிக்கும் பிள்ளைகளுக்கு இது நியாயம் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

பாடம் உண்மையில் வேலை செய்தது போன வருடம். எங்கள் தமிழ்ப்பள்ளியில் மாணவர் எண்ணிக்கை 150க்குக் கீழே போய்ப் பல வருடம் ஆகிறது. முதலாம் ஆண்டுக்குப் பிள்ளைகளைச் சேர்க்கச் சொல்லிக் கோயில் மண்டபத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள், என்னைப் பேசச் சொன்னார்கள். கேட்பவரைச் செயலுக்குத் தூண்டும் பேச்சுக்கு ஆலன் மன்றோ சொன்ன ஐந்து படிகளைக் கல்லூரியில் படித்திருந்தேன். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் இருந்த அவர் 1930களில் வகுத்தது. முதலில் கவனத்தை இழு, தேவையை உணர்த்து, தீர்வைச் சொல், அதைக் கண்முன் காட்டு, கடைசியில் செய்ய வேண்டியதைக் கேள். வகுப்பில் அதை வெறும் வாய்ப்பாடாகத்தான் எழுதியிருந்தேன்.

கூட்டத்துக்கு முன் தாத்தாவிடம் பேசிக்கொண்டிருந்தபோது துன் சம்பந்தன் கதை வந்தது. எங்கள் ஊர்க்காரர், மலேசிய அரசில் அமைச்சராக இருந்தவர். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுத் தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்துகொண்டிருந்த காலத்தில், 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசி, பத்துப் பத்து வெள்ளியாகப் பணம் சேர்த்தவர். தாத்தா சொல்லச் சொல்ல எனக்குள் அந்தப் படிகள் இடம் பிடித்து உட்கார்ந்தன. தோட்டம் கைமாறுகிறது என்பது தேவை, சேர்ந்து வாங்கலாம் என்பது தீர்வு, நம் லயம் நமக்கே நிற்கும் என்பது கண்முன் காட்டுவது, கடைசியில் பத்து வெள்ளி. கேட்பவன் அந்த இடத்திலேயே செய்துவிடக்கூடிய ஒன்றைக் கேட்க வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு நன்றாக விளங்கியது.

அதனால் நான் பள்ளியின் பெருமையை அடுக்கவில்லை. பதிவுப் பாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். "பெரியவங்க எல்லாருக்கும் வணக்கம்" என்று ஆரம்பித்து இரண்டு வாக்கியம்கூட ஆகவில்லை, பின்னாலிருந்து ஒரு பாட்டி குரல் கொடுத்தார். "கண்ணு, இங்க கேக்கல. மெதுவா பேசு, நாங்க எங்கயும் போகல."

நின்றேன். மைக்கை வைத்துவிட்டு இறங்கி, மண்டபத்தின் நடுவே போய் நின்று தொடர்ந்தேன். ஒப்பிக்கும் பழைய பிள்ளையாக இருந்திருந்தால் அந்த இடத்தில் கண்ணி அறுந்திருக்கும். அன்றிரவு மூன்று குடும்பங்கள் பாரத்தை நிரப்பிக் கொடுத்தன. ஒரு தம்பதி யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள், கடைசியில் வேறு பள்ளியில் சேர்த்தார்கள். அது அவர்கள் முடிவு.

போன மாதம் அந்த 34 கூற்றுகளையும் மறுபடி நிரப்பிப் பார்த்தேன். 104.

பாடம் கட்டாயம் இல்லையென்றாலும் எடுங்கள். ஆனால் அந்த 20 நிமிடத்தை நம்பி இருக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறியதும் கோயில் மண்டபத்தில் ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். ஆளுக்கு 3 நிமிடம், தமிழிலோ மலாயிலோ ஆங்கிலத்திலோ பேசலாம், ஒருவர் நேரம் பார்ப்பார், ஒருவர் "வந்து" எண்ணுவார். வரும் வாரம் அம்மாவும் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய அட்டையில் நாலே சொல்: கத்தி, பட்டை, மங்கு, விடியல்.