புயலுக்குப் பிறகு கனூப் பயணம் போகிறவர்கள் காசு கட்ட முதல் வாசியுங்கள்

கொம்பனியின் பெயரை இங்கே போடவில்லை, காசைத் திருப்பிக் கேட்டு இன்னும் இழுபறியில் நிற்கிறது. ஆனால் ஒன்ராறியோவில் பீற்றர்பரோவுக்கு வடக்கே கனூ, அதாவது துடுப்புப் போடுகிற சின்னப் படகு, வாடகைக்கு எடுத்து இரண்டு மூன்று இரவு காட்டுக்குள் தங்கும் யோசனை யாருக்காவது இருந்தால், எங்கள் நாலு பேருக்கும் நடந்ததைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

2022 மே 21 சனிக்கிழமையை ரொறன்ரோவில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நீண்ட வார இறுதி, மத்தியானம் எல்லோருடைய போனும் புயல் எச்சரிக்கையோடு ஒன்றாக அலறியது. டெரேச்சோ என்று அன்றைக்குத்தான் எங்களில் பாதிப்பேர் முதன்முதல் கேள்விப்பட்டோம், சுழலாமல் நேர்கோட்டில் நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு அடித்துக்கொண்டு போகிற காற்று. ஒன்ராறியோவின் தென்மேற்கு மூலையில் தொடங்கி கியூபெக் வரை போனது, உக்ஸ்பிரிட்ஜ் என்ற ஊரில் அவசரநிலை அறிவித்தார்கள், குறைந்தது பத்துப் பேர் செத்தார்கள், அதில் பலர் மரம் விழுந்துதான்.

நாங்கள் ஏப்ரலிலேயே ஜூன் நடுப்பகுதிக்குப் பதிவு செய்திருந்தோம். நாலு பேர், இரண்டு கனூ, மூன்று இரவு, எல்லாமாக 1,180 டொலர். புயல் அடித்து இரண்டு கிழமையால் நானே போன் எடுத்துக் கேட்டேன், பாதை எப்படி, தள்ளிப் போடவா என்று. "ஒரு பிரச்சினையும் இல்லை, பழைய பாதைக்குப் பதிலா வேற பாதை தாறம், மரமெல்லாம் வெட்டித் துப்புரவாக்கியாச்சு" என்றார் முதலாளி. யார் வெட்டினார்கள், எந்த நாள் கடைசியாக ஆள் நடந்து பார்த்தது என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் மிச்சக் கதையே இல்லை.

முதல் ஏரி கண்ணாடி மாதிரிக் கிடந்தது, பொய் சொல்லக்கூடாது, அந்த ஒரு மணித்தியாலம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் முதல் போர்ட்டேஜ், அதாவது ஒரு ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குக் கனூவைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கிற பாதை. 400 மீற்றர் என்று வரைபடத்தில் இருந்தது. கரையேறி முன்னுக்குப் போனவன் திரும்பி வந்து, "மச்சான், இஞ்ச பாதையே இல்லையடா" என்றான். அந்தப் பக்கமெல்லாம் பாறைக்கு மேலே கொஞ்ச மண்தான், பைன் மரங்கள் வேரை அகலமாகப் பரப்பிக்கொண்டு நிற்கும், காற்று தள்ளினால் வேரோடு மண்ணோடு சுவர் மாதிரி எழும்பிச் சாய்ந்துவிடும். விளக்குமாற்றைப் பிரித்து ஈர்க்கை அள்ளி எறிந்தது போல ஒன்றுக்குமேல் ஒன்றாகக் கிடந்தன. வாள் பட்ட அடையாளம் ஒன்றுகூட இல்லை. கெவ்லார் என்ற பாரம் குறைந்த நாரில் செய்த கனூ தருவதாகச் சொல்லிவிட்டு அதைவிட இரண்டு மடங்கு பாரமான பழைய பிளாஸ்ரிக் கனூவைத் தந்திருந்தார்கள், அதை மரத்துக்கு மேலால் தூக்கிக் கீழால் இழுத்து, நுளம்பும் கருப்பு ஈயும் பிடுங்க, 400 மீற்றருக்கு மூன்றரை மணித்தியாலம். முறிந்து தொங்கிய கொப்பு ஒன்று எங்களுக்குப் பத்தடி தள்ளி விழுந்தபோதுதான் பகிடி விடுவதை எல்லோரும் நிற்பாட்டினோம்.

இரண்டாவது போர்ட்டேஜில் ஒருவன் வழுக்கி விழுந்து முழங்காலுக்குக் கீழே ஆழமாகக் கிழித்துக்கொண்டான். சரி, இதற்காகத்தானே 90 டொலர் கட்டி சற்றலைற் கருவி எடுத்தோம் என்று அதைத் தட்டினால், அதற்குச் சந்தாவே கட்டியிருக்கவில்லை. செய்தியும் போகாது, உதவிப் பொத்தானும் வேலை செய்யாது, வெறும் பொம்மை. அன்றிரவு உயிர்காப்பு அங்கிகளை ஒழுங்காகப் பார்த்தோம், கரையில் வைத்தே பார்த்திருக்க வேண்டும், அது எங்கள் பிழை. ஒன்று சின்னப்பிள்ளை அளவு, இன்னொன்றுக்குப் பூட்டுகிற ஸிப் இல்லை. கனூவில் கட்டாயம் இருக்கவேண்டிய 15 மீற்றர் மிதக்கும் கயிறும் இல்லை. விடிந்ததும் காயக்காரனை நடுவில் இருத்திக்கொண்டு வந்த வழியே திரும்பினோம்.

வழியில் கரையோரம் முகாம் போட்டிருந்த ஒரு வயதான தம்பதி சொன்னதுதான் வயிற்றெரிச்சல். அதே கொம்பனி, அதே "மாற்றுப் பாதை", எங்களுக்கு ஐந்து நாள் முந்திப் போன கூட்டம் ஒன்று போகமுடியாமல் திரும்பி வந்து அந்த முதலாளியிடமே சத்தம் போட்டிருக்கிறது. ஆக, தெரிந்துகொண்டேதான் எங்களை அனுப்பினார்கள்.

இதைவிட இன்னொன்று, வீட்டுக்கு வந்து பற்றுச்சீட்டைப் பார்க்கும்போதுதான் பிடிபட்டது. முகாம் அனுமதி என்று ஆளுக்கு இரவுக்கு 12 டொலர்படி 144 டொலர் எடுத்திருந்தார்கள். பழைய பாதை மாகாணப் பூங்காவுக்குள் போனது, அங்கே அனுமதி வேண்டும். மாற்றித் தந்தது முழுக்க அரச காணி. அரச காணியில் கனடாவில் வசிக்கிறவர்கள் ஒரு இடத்தில் 21 நாள் வரைக்கும் இலவசமாகத் தங்கலாம். ஒருத்தருக்கும் கட்டத் தேவையில்லாத காசை எங்களிடம் வாங்கியிருக்கிறார்கள்.

கேட்டதற்கு "புயல் இயற்கை அனர்த்தம், காசு திருப்பித் தரமாட்டோம்" என்று இரண்டு வரியில் ஈமெயில். புயலுக்கு நாங்கள் காசு கேட்கவில்லை ஐயா, புயலுக்குப் பிறகு போனில் சொன்ன பொய்க்குத்தான் கேட்கிறோம். கடனட்டைக்காரருக்குப் படங்கள், ஈமெயில்கள், போன் எடுத்த திகதி எல்லாம் அனுப்பினேன். அனுமதிக் காசும் கருவிக் காசும், 234 டொலர், போன கிழமை திரும்பி வந்தது. மிச்சம் 946க்கு, கனூவைக் கீறிவிட்டோம் என்று எங்களிடமே 300 டொலர் கேட்டு இப்போது புதிதாக ஒரு பில் வந்திருக்கிறது.