தங்கக் கூழ்மமா, ஜெலட்டினா: எது அதிகம் தாங்கும்?

ஒரு திரவத்தில் மிக நுண்ணிய துகள்கள் அடியில் படியாமல் பரவி நிற்பதுதான் கூழ்மம். அந்தத் திரவத்தை, அதாவது கரைப்பானை, விரும்பும் கூழ்மம் நிலையானது, வெறுக்கும் கூழ்மம் நிலையற்றது என்று பாடப்புத்தகம் ஒரே வரியில் முடித்துவிடும். ஆனால் 1850-களில் மைக்கேல் ஃபாரடே தயாரித்த தங்கக் கூழ்மம் இன்னமும் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இருக்கிறது. தங்கமோ தண்ணீரை வெறுக்கும் வகை. தண்ணீரை விரும்பும் ஜெலட்டின் கரைசலை வெளியே வைத்தால் சில நாட்களில் கெட்டுவிடும். அதனால் எதை எதிர்த்துத் தாங்க வேண்டும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

தங்கத் துகள்களைக் காப்பது அவற்றின் எதிர்மின்சுமை ஒன்றுதான். ஒன்றையொன்று விலக்குவதால் அவை ஒட்டுவதில்லை. ஒட்டிக்கொண்டால் ஆற்றல் குறையும். ஆனாலும் நடுவிலுள்ள ஆற்றல் தடையைத் தாண்ட முடியாமல் காலம் தள்ளுகின்றன. உப்பைச் சேர்த்தால் அந்தத் தடை சரிந்துவிடும். கூழ்மத்தின் சிவப்பு நிறம் நீலமாகி, துகள்கள் அடியில் படியும். உப்பிலுள்ள நேர் அயனியின் மின்சுமை கூடக் கூட இது எவ்வளவு எளிதாகிறது என்பதுதான் வியப்பு. இதே வகையைச் சேர்ந்த ஆர்சனிக் சல்பைடு கூழ்மத்தைத் திரிக்க, அதாவது துகள்களை ஒட்டிப் படியவைக்க, லிட்டருக்குச் சுமார் 50 மில்லிமோல் சோடியம் குளோரைடு வேண்டும். மெக்னீசியம் குளோரைடு என்றால் 0.7, அலுமினியம் குளோரைடு என்றால் 0.1-க்கும் குறைவு. கலங்கல் நீரைத் தெளியவைக்கப் படிகாரம் கொஞ்சமே போதுவதும் அலுமினியத்தின் இந்த வலுவால்தான்.

ஜெலட்டினுக்கு மின்சுமையோடு நீர்ப்போர்வையும் உண்டு. கொஞ்சம் உப்பு அதை ஒன்றும் செய்யாது. ஜெலட்டின் போன்ற புரதங்களைக் கரைசலிலிருந்து வீழ்த்த அம்மோனியம் சல்பேட் என்ற உப்பைக் கிட்டத்தட்ட இனிமேல் கரையாது என்ற நிலை வரை கொட்ட வேண்டியிருக்கும். அப்படி வீழ்ந்தாலும் உப்பை நீக்கித் தண்ணீர் விட்டால் பெரும்பாலும் மீண்டும் கரைந்துவிடும். படிந்த தங்கம் அப்படித் திரும்பாது. என்னைக் கேட்டால் இரண்டுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு இந்த மீளும் தன்மைதான். வெப்பம் வேறு கதை. வெந்த முட்டை வெள்ளைக்கரு திரும்பக் கரையாது.

சோப்பு மிசெல்கள், அதாவது நீரில் சோப்பு மூலக்கூறுகள் கூடி உருவாக்கும் நுண்ணிய திரள்கள், மூன்றாவது வகை. செறிவு ஒரு வரம்பைத் தாண்டினால் தாமாகவே உருவாகும், நீர்த்தால் கலையும். கடின நீரின் கால்சியம்தான் அவற்றுக்கு எதிரி.

நடைமுறையில் நான் தேர்ந்தெடுப்பது கலப்பு முறை: ஜெலட்டின் போர்த்திய தங்கம். இந்தக் காப்பை அளக்க வேதியியலாளர் சிக்மாண்டி வகுத்ததுதான் தங்க எண்: 10 மில்லி தங்கக் கூழ்மத்தில் 1 மில்லி 10% உப்புக் கரைசல் விட்டாலும் திரியாமல் காக்கக் காப்புப் பொருள் எத்தனை மில்லிகிராம் தேவை என்பது. ஜெலட்டினுக்கு 0.005 முதல் 0.01 வரை, உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சுக்குச் சுமார் 25. எண் சிறியதாக இருந்தால் காப்பு பெரிது.

ஆனால் அளவு முக்கியம். துகள் முழுவதையும் மூடப் போதாத அளவு ஜெலட்டின், ஒரு துகளை இன்னொன்றோடு பிணைத்து வழக்கத்தைவிட விரைவாகவே திரித்துவிடலாம். அதனால் ஜெலட்டினைப் போதிய அளவு சேர்த்து நன்றாகக் கலக்கிய பிறகே உப்பு அதன் பக்கம் வர வேண்டும்.